நெத்திலிக்குத் தெரிந்த ஒரே பாடம்

அத்தியாயம் ஒன்பது

புது மாட்டை ஏருக்குப் பழக்க வேண்டுமென்றால் பழகின மாட்டோடு சேர்த்து நுகத்தில் பூட்ட வேண்டும். உழவர் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். ஆனால் அதையே நாய்க்கும் செய்து பார்த்தவர் கொட்டாரம் வட்டாரத்தில் ஞானையன் ஒருவர்தான் இருப்பார்.

ராயனின் கழுத்தில் ஒரு கயிறு. அதன் மறுமுனை நெத்திலியின் கழுத்தில். ராயன் போகிற இடத்துக்கு நெத்திலி போக வேண்டும், ராயன் படுத்தால் நெத்திலி படுக்க வேண்டும். இதுதான் பள்ளிக்கூடம்.

ராயன் வயதான நாய். முகவாய் நரைத்துவிட்டது, நடக்கையில் பின்னங்கால் ஒன்று இழுக்கும். நெத்திலி இன்னும் பல் சரியாக விழுந்து முளைக்காத குட்டி. வட்டக்கோட்டைக் கடற்கரையிலிருந்து மீன் கொண்டுவரும் இஞ்ஞாசி, ஒரு நாள் நெத்திலி மீனுக்கு நடுவே பெட்டியில் உட்கார வைத்துக் கொண்டுவந்து இறக்கினார். அதனால் அந்தப் பெயர். உடம்பு பெயருக்கேற்ற உடம்புதான். சேட்டையைத்தான் எந்தப் பெட்டிக்குள்ளும் அடைக்க முடியாது!

இந்த வீட்டு ரகசியம் பழைய வாசகர்களுக்குத் தெரியும். இந்த வாரம்தான் புதிதாக வந்து உட்கார்ந்தவர்கள் காதைக் கொடுங்கள், வெளியே மட்டும் விட்டுவிடாதீர்கள். ஞானையனுக்கு மாலைக்கண். பகலில் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நிற்கிற கொக்கு எந்தக் காலைத் தூக்கியிருக்கிறது என்றுகூடச் சொல்லிவிடுவார். பொழுது அடைந்ததோ, தன் கை தனக்குத் தெரியாது. தகப்பனுக்கு இருந்தால் பிள்ளைக்கும் வரும் என்று ஊர் சொல்லிவிடும், ஒற்றை மகளை யார் கட்டுவார்கள் என்ற பயத்தில் அவர் மனைவி ராஜபாய் இதை வருஷக்கணக்காக மூடி வைத்திருக்கிறாள்.

அந்த ஒற்றை மகள்தான் ஜெபகனி. தினமும் பொழுது சாயும் நேரத்தில் புல்லறுக்கப் போகிறவள்போல அரிவாளோடு வயலுக்குப் போவாள். ராயனின் கயிற்றை அப்பா கையில் கொடுப்பாள். ராயன் முன்னால், அப்பா நடுவில், அவள் பின்னால். வரப்பு வெட்டி மடை விட்டிருக்கிற இடத்தில் ராயன் அப்படியே நின்றுவிடும். அப்பா காலால் துழாவி மடையைத் தாண்டுவார். பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

இரண்டு வரன் வந்து போயிற்று. ஒருவர் சிலோனுக்குப் போகிறவர், வேண்டாம் என்றாள். இன்னொருவருடைய ஊர் மலையடிவாரம், அட்டை கடிக்கும் என்றாள். அம்மா தலையில் அடித்துக்கொண்டு காரணம் கேட்டபோதுதான் உண்மையைச் சொன்னாள்.

"நான் போயிட்டா அப்பாவ யாரும்மா வீட்டுக்குக் கூட்டிட்டு வருவா? ராயனுக்குக் காலு போச்சு. அதுக்கெ எடத்துக்கு இன்னொண்ணு பழகட்டும். பழகினப் பொறவு நீங்க யாரக் காட்டினாலும் கெட்டுதேன்."

இப்போது புரிகிறதா, ஒரு குட்டி நாயின் படிப்பில் என்ன தொங்கிக்கொண்டிருக்கிறது என்று?

அன்று சனிக்கிழமை. இரணியலிலிருந்து மூன்றாவது வரன். மாப்பிள்ளை தேவகுமார் நாகர்கோவிலில் வாத்தியார் வேலை பார்க்கிறவர். அவருடைய தகப்பனார் யேசுரத்தினமும் அத்தை கிரேசியும் மத்தியானத்துக்கு மேல் பெண் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார்கள். கிரேசியின் வீடு கொட்டாரத்திலேயே இருந்தது. யேசுரத்தினம் முந்தின நாளே பஸ்ஸில் வந்து தங்கை வீட்டில் தங்கியிருந்தார்.

காலையில் ராஜபாய் அடுக்களையில் முந்திரிக்கொத்து சுட்டுக்கொண்டிருந்தாள். ஜெபகனி முற்றத்தில் நின்று நெத்திலிக்குப் பாடம் எடுத்தாள்.

"ராயா, இரு."

ராயன் உட்கார்ந்தது. கயிறு இழுத்ததில் நெத்திலியும் உட்கார்ந்தது. உட்கார்ந்த கையோடு ராயனின் காதைக் கடித்தது.

"ஏலே, காத விடு!"

காதை விட்டு வாலைப் பிடித்தது. ராயன் திரும்பி ஒரு பார்வை பார்த்துவிட்டு, போய்த் தொலையட்டும் என்பதுபோல் முகத்தைக் காலில் வைத்துப் படுத்துக்கொண்டது.

"ஏட்டி," என்று அடுக்களைக்குள்ளிருந்து ராஜபாயின் குரல் வந்தது. "அதுக்கு நீ படிப்பு சொல்லிக் குடுக்கியா, இல்ல அது ராயனுக்குச் சொல்லிக் குடுக்கா? நேத்து ராயன் மீன் சட்டிய நக்கிட்டு நிக்கு! இந்த வீட்டுக்கு வந்த நாள்லேர்ந்து ஒரு சட்டியில வாய் வைக்காத நாயாக்கும்."

"ஒரு பாடம் படிச்சிட்டும்மா. ஜெபம் முடிஞ்சாத்தான் சோறுன்னு தெரிஞ்சு போச்சு."

அதில் மட்டும் ஜெபகனிக்குக் கொள்ளைப் பெருமை. அந்த வீட்டில் ராத்திரி குடும்ப ஜெபம் முடித்துத்தான் சாப்பாடு. நாய்களுக்கும் அப்போதுதான் மண்சட்டியில் சோறு விழும். யாரும் சொல்லிக்கொடுக்காமலே ராயன் அதைப் பழகிக்கொண்டது. பாட்டு, வேதவாசிப்பு, ஜெபம், எல்லாம் முடியும்வரை நிலைப்படிக்கு வெளியே படுத்திருக்கும். "ஆமென்" என்ற சத்தம் கேட்டதும் எழுந்து சட்டிக்குப் போகும். ஒரே கயிற்றில் கிடந்த நெத்திலியும் நாளடைவில் ஆமென்னுக்கு எழுந்து ஓட ஆரம்பித்தது. ஜெபகனி கைதட்டிச் சிரித்தாள், வெல்லத்துண்டு கொடுத்தாள்.

ஆனால் அந்தப் படிப்பில் ஒரு பெரிய ஓட்டை இருந்ததை அவள் கவனிக்கவில்லை. ராயன் படித்தது, ஆமென் வரும்வரை காத்திருக்க வேண்டும் என்பது. நெத்திலி படித்தது, ஆமென் கேட்டால் பாய வேண்டும் என்பது. காத்திருந்ததெல்லாம் கயிறு. நெத்திலி இல்லை.

மற்றப் பாடமெல்லாம் பூஜ்யம். மடையில் நில் என்றால் நிற்காது. தவளையைக் கண்டால் வரப்பை விட்டு இறங்கிவிடும். நண்டு வளை தெரிந்தால் மூக்கை நுழைத்துத் தோண்ட உட்கார்ந்துவிடும். போன வாரம் அப்பாவின் கண்ணுக்காக ராஜபாய் பார்த்துப் பார்த்து வாங்கி வைத்த ஆட்டு ஈரலை முழுசாக விழுங்கிவிட்டு, ஒன்றும் தெரியாததுபோல் வாலாட்டியது.

"இன்னைக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள், மரியாதைக்குக் கெட," என்று ஜெபகனி அதன் முகத்தைப் பிடித்துக் கெஞ்சினாள். நெத்திலி அவள் மூக்கை நக்கியது. இரண்டையும் கொல்லையில் முருங்கை மரத்தடியில் கட்டிவிட்டுச் சேலை மாற்றப் போனாள்.

பாவம்! மரத்தில் கட்டினாளே தவிர, கயிறு தேங்காய் நார்க்கயிறு என்பதையும் குட்டிக்குப் பல் ஊறுகிற வயது என்பதையும் யோசிக்கவில்லை.

விருந்தாளிகள் வந்தபோது ஐப்பசித் தூறல் லேசாகப் போட்டுக்கொண்டிருந்தது. யேசுரத்தினம் குடையை மடக்கி உதறி, வராந்தா ஆணியில் மாட்டினார். ஒல்லியான மனிதர், அதிகம் பேசமாட்டார். பேச்சையெல்லாம் கிரேசி பார்த்துக்கொண்டாள்.

"பொண்ணு பள்ளிக்கூடத்துல எதுவர படிச்சிருக்கா? பாட்டு வருமா? கைவேல? நூல்ல லேசு பின்னுவாளா?"

"பின்னுவா மைனி," என்றாள் ராஜபாய், ஒவ்வொரு கேள்விக்கும் முகம் மலர்ந்து. ஜெபகனி தலை குனிந்து கருப்பட்டிக் காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். நடுவில் முக்காலிமேல் முந்திரிக்கொத்துத் தட்டு, பக்கத்தில் மட்டிப்பழச் சீப்பு. எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. யேசுரத்தினம் அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்து, "நல்லா இருக்கியா மக்கா?" என்று கேட்டார். அந்தக் குரல் அவளுக்குப் பிடித்திருந்தது. பிடித்ததே என்று பயமாகவும் இருந்தது.

"அண்ணாச்சி ஒரு சின்ன ஜெபம் செய்யணும்," என்று ஞானையன் கேட்டுக்கொண்டார்.

எல்லோரும் கண்ணை மூடினார்கள். யேசுரத்தினம் பேச்சில் சேமித்ததையெல்லாம் ஜெபத்தில் செலவழிக்கிற மனிதர். இரணியலில் தொடங்கி, நாகர்கோவில் வழியாக, கொட்டாரம் வந்து சேர அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. மழைக்கு ஸ்தோத்திரம், பயிருக்கு ஸ்தோத்திரம், இந்த வீட்டுக்கு ஸ்தோத்திரம். ஜெபகனியின் பாதத்தில் ஈரமாக ஏதோ பட்டது. கண்ணைத் திறந்து குனிந்தாள்.

பெஞ்சுக்கு அடியில் நெத்திலி! கழுத்தில் கடித்த கயிற்றின் மிச்சம் தொங்கியது. காது இரண்டும் விறைத்து, கண் யேசுரத்தினத்தின் வாய்மேல் இருந்தது.

ஐயோ, என்று அவள் கையை நீட்டினாள்.

"...கேட்டருளும் பிதாவே, ஆமென்."

அவ்வளவுதான். நெத்திலி பெஞ்சுக்கு அடியிலிருந்து புறப்பட்டதையும் முந்திரிக்கொத்துத் தட்டில் முன்னங்கால் இரண்டையும் வைத்ததையும் யாரும் தனித்தனியாகப் பார்க்கவில்லை. முக்காலி சாய்ந்தது. காப்பி டம்ளர் கிரேசியின் மடியில் விழுந்தது. புதுச் சேலை, வெள்ளைச் சேலை!

"ஐயோ, எனக்கெ சேலை!" என்று கிரேசி குதித்தாள். நெத்திலி ஒரு முந்திரிக்கொத்தைக் கவ்விக்கொண்டு, இன்னொன்றை எடுக்க வாயில் இடமில்லாமல் திண்டாடிக்கொண்டிருந்தது.

ராஜபாய் தண்ணீரும் துணியுமாக ஓடிவந்தாள். கிரேசிக்கு ஆறவில்லை. "நாய் வளக்கிறது தப்பில்ல மைனி. ஆனா ஜெபத்துக்கு ஒரு மரியாதை வேண்டாமா? ஆமென்னு சொல்லி வாய மூடல்ல! இப்பிடியா ஒரு வீட்டுல பழக்கி வைப்பாவ?"

ஞானையன் முகம் செத்துப்போயிற்று. சபையில் டீக்கன் அவர். ஒரு ஞாயிறு ஆராதனைக்குப் பிந்தியது கிடையாது. அவர் வீட்டில், அவர் முன்னால், ஜெபத்துக்கு மரியாதை இல்லை என்று ஒரு வார்த்தை.

யேசுரத்தினம் மட்டும் தட்டில் தப்பிக் கிடந்த ஒரு முந்திரிக்கொத்தை எடுத்துச் சாப்பிட்டார். பிறகு எழுந்து, "நாளைக்கு ஆராதனை முடிஞ்சு சொல்லி விடுதோம் அண்ணாச்சி," என்றார். தூறல் நின்றிருந்தது. இருவரும் தங்கள் வழியைப் பார்த்துப் போனார்கள்.

அவர்கள் வாசலைத் தாண்டியதும் ஞானையன் நெத்திலியின் கழுத்தில் புதுக் கயிற்றைக் கட்டினார்.

"எங்கப்பா?" என்றாள் ஜெபகனி, தெரிந்துகொண்டே.

"கொட்டாரம் சந்தையில இஞ்ஞாசி இருப்பான். அவனுக்கெ சாமானத்த அவன்கிட்டயே குடுத்திட்டு வாறேன்."

"அப்பா, இன்னும் கொஞ்ச நாள்... அதுக்கு வழியெல்லாம் தெரிஞ்சிட்டு."

"வழி தெரிஞ்சு என்ன செய்ய? ஜெபத்தக் கேலிக்கூத்தாக்கின சவத்துக்கு இந்த வீட்டுல எடமில்ல."

"அது சும்மா ஓடல்லப்பா. நான் பழக்கினதத்தான் செஞ்சிது. ஆமென்னா சோறுன்னு நான்தான் பழக்கினேன். என்ன ஏசுங்க."

ஞானையன் அவளை ஏசவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "பொழுது அடையதுக்கு முன்ன வந்திருவேன்," என்று சொல்லிவிட்டுக் கயிற்றை இழுத்துக்கொண்டு வரப்பில் இறங்கினார். நெத்திலி வாயோரம் மாவு ஒட்டியிருக்க, ஊர்வலம் போகிற குஷியில் முன்னால் துள்ளியது. அறுந்த கயிற்றிலிருந்து தானும் விடுபட்டிருந்த ராயன் பின்னாலேயே வாசல்வரை நொண்டி வந்து, இழுக்கக் கயிறில்லாமல் நின்றது.

ஜெபகனி கொல்லைக்குப் போய் அழுதாள். கடித்துப்போட்ட நார்க்கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு நன்றாகவே அழுதாள். வரன் போனதற்கா, நாய் போனதற்கா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. இந்த மனிதர்களைப் பிடித்திருந்தது. போகலாம் என்று முதல் தடவையாக மனசு சொல்லியிருந்தது. இனி ராயனும் படுத்துவிட்டால் அப்பாவின் கயிற்றை யார் பிடிப்பார்? அவள்தான். கடைசிவரை அவள்தான்.

ஐப்பசி மாசத்துப் பொழுதை நம்பக்கூடாது. பாத்திரம் கழுவி முடிப்பதற்குள் மேற்கே மேகம் ஏறிவிட்டது. விளக்கு வைக்கிற நேரத்துக்கு முன்னாலேயே முற்றம் இருண்டது.

"ஏட்டி, அப்பா வரல்லியே," என்றாள் ராஜபாய். குரல் வெப்ராளத்தில் படபடத்தது. "சந்தையில யாரயாவது கூட்டிட்டு வரச் சொல்லியிருப்பாவளோ?"

"கூட்டிட்டு வரச் சொன்னா தெரிஞ்சு போகுமே. சொல்ல மாட்டாவ."

இரண்டு பேருக்கும் அது நிச்சயமாகத் தெரியும். எங்கேயோ வரப்பின்மேல், ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் நடவு வயல், அப்பா அசையாமல் நிற்கிறார். விடியும்வரைகூட நிற்பார், ஒருத்தரைக் கூப்பிடமாட்டார்.

ஜெபகனி ராந்தலை ஏற்றிக்கொண்டு, "வா ராயா," என்று புறப்பட்டாள். வாசலில் இன்னொரு ராந்தல் எதிரே வந்தது.

யேசுரத்தினம்!

"குடைய வச்சிட்டுப் போயிட்டேன் மக்கா," என்றார். பிறகு அவள் முகத்தைப் பார்த்தார். "என்ன, ராந்தலும் நாயுமா எங்க போற இந்த இருட்டுல?"

"அப்பாவப் பாத்திட்டு..."

"ஞானையன் அண்ணாச்சிக்குச் சொந்த வயக்காட்டுல வழி தெரியாதா?"

ஜெபகனி குனிந்து ராந்தலின் திரியைத் தூண்டினாள். ராஜபாய் வராந்தாவில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போது வயல் பக்கமிருந்து சத்தம் வந்தது.

"ஆமென்!"

மூன்று பேரும் திரும்பினார்கள்.

"பைய ஓடுலே சவமே! ...நில்லு. ...ஏன் நின்னுட்ட? ஆமென்! ஆமென்னு சொல்லுதேன்லா!"

ஜெபகனி ஓடினாள். யேசுரத்தினம் தன் ராந்தலோடு பின்னால் வந்தார்.

வரப்பில் நெத்திலி கயிறு முறுக்கேற இழுத்துக்கொண்டு வந்தது. கயிற்றின் மறுநுனியில் ஞானையன், இடுப்புவரை சேறு, தோளில் துண்டு இல்லை. நண்டு வளை ஒன்று தெரிய, நெத்திலி சட்டென்று உட்கார்ந்து தோண்டத் தொடங்கியது. "ஆமென்!" என்றார் ஞானையன். நெத்திலி வளையை விட்டுவிட்டு வீட்டைப் பார்த்துப் பாய்ந்தது.

அவர்களுக்கும் இவர்களுக்கும் நடுவில் கடைசி மடை இருந்தது. மழைத்தண்ணீர் அதில் சுழித்து ஓடியது. நெத்திலிக்குத்தான் மடையில் நிற்கத் தெரியாதே! ஜெபகனி வாயைத் திறப்பதற்குள் ராயன் அவளைக் கடந்து போயிற்று. இழுக்கிற காலோடு மடைக்குள் இறங்கி, ஏறி, அந்தக் கரையில் வரப்பை அடைத்துக் குறுக்கே நின்றது. பாய்ந்து வந்த நெத்திலி ராயனின் விலாவில் முட்டியது. முட்டிவிட்டு அங்கேயே, ராயனுக்குப் பக்கத்திலேயே, நின்றுகொண்டது.

ஞானையன் குனிந்து தடவினார். நரைத்த முகவாய் கையில் பட்டது.

"ராயனா? அப்போ நம்ம மடை வந்தாச்சு." காலால் துழாவி, எட்டி வைத்து இந்தக் கரைக்கு வந்தார். இரண்டு ராந்தல் வெளிச்சமும் அவர் முகத்தில் விழுந்தது. கண்கள் அதைத் தாண்டி எங்கேயோ பார்த்தன.

"ஜெபகனி, நீதானே? வெளக்குக் கொண்டு வந்தியா மக்கா? ஒண்ணுமே தெரியல்ல. நல்லவேளை, அந்த இரணியல்காரங்க கண்ணுல படாம வந்து சேந்தேன்."

அந்த இரணியல்காரர் கைக்கெட்டுகிற தூரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

யேசுரத்தினம் தன் ராந்தலைக் கொஞ்சம் உயர்த்தினார். மறுபடி தாழ்த்தினார். ஞானையனின் பார்வை அசையவில்லை. ஜெபகனி இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றாள். ஏதாவது பொய் சொல்லலாம். கண்ணில் சேறு விழுந்தது என்று சொல்லலாம். வருஷக்கணக்காக அம்மா சொல்லிப் பழக்கிய பொய் எத்தனையோ இருந்தது.

"மாமா," என்றாள். "அப்பாவுக்கு மாலைக்கண்ணு. யாருக்கும் தெரியாம மறச்சு வச்சிருக்கோம். எனக்கு இல்ல. ஆனா எனக்கோ எனக்குப் பொறக்கப் போறதுக்கோ வராதுன்னு நான் சத்தியம் செய்யமாட்டேன். அது யாருக்குத் தெரியும்?"

ஞானையன் கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றார். எதிரில் நிற்பது யார் என்று அவருக்கு இப்போது புரிந்துவிட்டது.

"இஞ்ஞாசி நாய எடுக்கல்லியா அண்ணாச்சி?" என்று கேட்டார் யேசுரத்தினம். குரல் மத்தியானம் இருந்த மாதிரியேதான் இருந்தது.

"மத்தியானமே சரக்கு வித்துப் போயிட்டானாம். வருவான் வருவான்னு நின்னேன். இருட்டிப்போச்சு." ஞானையன் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார். "வரப்புல எறங்கினப் பொறவு அடி வைக்க முடியல்ல. கர்த்தாவே, ஒரு வழி காட்டி வீடு சேரும், ஆமென்னு ஜெபிச்சேன். வாய மூடல்ல, இந்தச் சவம் இழுத்திட்டு ஓடுது! மடையில நிக்கத் தெரியாது. ரெண்டு எடத்துல விழுந்தேன். எப்போ நின்னாலும் ஆமென் சொன்னா ஓடுது."

யேசுரத்தினத்தின் தோள் குலுங்கியது. அந்த ஒல்லி மனிதர் சிரித்துக்கொண்டிருந்தார், சத்தமில்லாமல், கண்ணில் தண்ணீர் வரும்வரை.

"நானும் எவ்வளவோ நீளத்துக்கு ஜெபம் செஞ்சிருக்கேன் அண்ணாச்சி. எனக்கு ஒண்ணுக்கும் இவ்வளவு வேகமா பதில் வந்தது கெடையாது."

வாசல்வரை ஞானையனின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டார். "ஸ்தோத்திரம். வாறேன்," என்றார். அவருடைய ராந்தல் கொட்டாரம் பாதையில் ஆடி ஆடிப் போய் மறைந்தது.

ராஜபாய் கணவருக்கு வெந்நீர் ஊற்றிக் காலைக் கழுவிவிட்டாள். கழுவிக்கொண்டே மகளை ஏசினாள். "மூடி வச்சதெல்லாம் ஒரு நிமிசத்துல கொட்டிட்டியேட்டி! இனி அவிய வருவாவளா?" ஏசிவிட்டு, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நெத்திலியின் சட்டிக்கென்று ஒரு அகப்பை சோறு கூடுதலாக எடுத்து வைத்தாள்.

"நாளைக்குத் திரும்ப ரெண்டையும் சேத்துக் கெட்டு," என்றார் ஞானையன். "மடையில நிக்க இன்னும் படிக்கணும். ராயன் இருக்கையிலயே படிச்சிரட்டும்."

ராந்தலை வராந்தாவில் மாட்டப் போன ராஜபாய், "இஞ்ச பாருங்க!" என்று கூவினாள்.

ஆணியில் குடை தொங்கியது.

"குடைய எடுக்க வந்த மனுசன் குடைய எடுக்காமலே போயிருக்காரே! ஏட்டி, ஓடு, பாதி வழிகூட போயிருக்கமாட்டாவ."

"ஓடாண்டாம்," என்றார் ஞானையன். "தொடாத. அங்கயே கெடக்கட்டும்."

மறந்துதான் போனாரா, வைத்துவிட்டுப் போனாரா? ஒரே நாளில் ஒரே குடையை ஒரு மனிதர் இரண்டு தடவை மறப்பாரா? ராஜபாய் கணவர் முகத்தைப் பார்த்தாள், குடையைப் பார்த்தாள், பிறகு பாய் விரித்தாள்.

குடும்ப ஜெபத்துக்கு உட்கார்ந்தார்கள். நிலைப்படிக்கு வெளியே ராயன் முகத்தைக் காலில் வைத்துப் படுத்திருந்தது. பக்கத்தில், கயிறில்லாமல், நெத்திலி.

ஞானையன் ஜெபித்தார். வழியில் காத்ததற்கு ஸ்தோத்திரம் சொன்னார். நாயைக் கொடுத்ததற்கும் சொன்னார். "இந்தப் பிள்ளை எங்கள் கையைப் பிடித்தது போதும், ஆண்டவரே. இவள் போகிற வீட்டில் இவளுக்கு..." என்றார். அதற்குமேல் வரவில்லை.

ஜெபகனி கண்ணைத் திறந்தாள். அப்பா அடுத்த வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தார். இன்று அவள் இல்லாமலே அவர் கடைசி மடைவரை வந்துவிட்டார். இதற்காகத்தானே இத்தனை நாள் கயிறு கட்டினாள், வெல்லம் கொடுத்தாள், கெஞ்சினாள்? கேட்டது கிடைத்துவிட்டது. கிடைத்ததும் இப்படி வலிக்கும் என்று யாரும் சொல்லவில்லையே! அவள் இல்லாமல் இந்த வீட்டில் விளக்கு எரியும், ஜெபம் நடக்கும், சோறு விழும். அம்மா பக்கத்தில் சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தாள்.

அப்பா இன்னும் முடிக்கவில்லை. நெத்திலி மெல்ல முனகியது. எழுந்திருக்கவில்லை, காத்திருந்தது.

ஜெபகனி கண்ணைத் துடைத்தாள்.

"ஆமென்," என்றாள், தெளிவாக.

வெளியே மண்சட்டி உருளுகிற சத்தம் கேட்டது.